உதவி: என் போனில் ஓடும் ஆப் அக்கா போனில் ஓடவில்லை, நாளை கடைசி நாள்

புது_வரவு
வணக்கம். மொபைல் ஆப் வகுப்பில் சேர நாமே ஒரு சின்ன ஆப் செய்து அனுப்ப வேண்டும். செய்து முடித்துவிட்டேன். யாருக்கு எந்தப் புத்தகத்தை இரவல் கொடுத்தோம் என்று கணக்கு வைக்கும் ஆப். புத்தகத்தின் எண்ணைப் போட்டால் பெயரும் எழுதியவரும் தானாக வந்துவிடும். என் போனில் அருமையாக ஓடுகிறது. அக்கா போனில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் "புத்தகம் இல்லை" என்கிறது. ஏபிகே (ஆப்பை நிறுவும் கோப்பு) இணைத்திருக்கிறேன். ஆப் எப்படி இருக்கிறது என்றும் சொல்லுங்கள். அவசரம்!!

ஒற்றைக்_கமா
எதில் எழுதினீர்கள்? புத்தக விவரம் எங்கிருந்து வருகிறது? அக்கா போனில் எந்த ஆண்ட்ராய்டு? வகுப்புக்காரர்கள் என்னென்ன கேட்டிருக்கிறார்கள்? இதில் ஒன்றுகூட உங்கள் பதிவில் இல்லையே.

நள்ளிரவு_கம்பைலர்
கண்டிப்பாக டேட்டா சேவர்தான். பேட்டரி சேமிப்பையும் அணைத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிச் சிக்கலுக்கு இதுதான் காரணம்.

மூத்த_நிரலர்
தம்பி, கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இதெல்லாம் முதல் வாரப் பாடம். ஏபிகேயைத் திறந்ததுமே ஃப்ளட்டர் என்ற ஆப் செய்யும் கருவியின் வாடை அடித்தது. 2019-லேயே ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் மொழிதான் முதல் என்று கூகுள் அறிவித்துவிட்டது. கோட்லினில் திருப்பி எழுதுங்கள், சிக்கலே இருக்காது.

வரிக்குதிரை
நாளைக்குக் கடைசி நாள் என்கிறவரிடம் திருப்பி எழுதச் சொல்கிறீர்களே! ஃப்ளட்டரைச் செய்ததும் அதே கூகுள்தானே?

மூத்த_நிரலர்
செய்தது யார் என்பதல்ல கேள்வி. அடித்தளம் தெரியாமல் மாடி கட்டக்கூடாது என்கிறேன்.

புது_வரவு
தம்பி இல்லை, தங்கை. ஃப்ளட்டர்தான். விவரம் ஓபன் லைப்ரரி என்ற இணையப் புத்தகப் பட்டியலிலிருந்து வருகிறது. அக்கா போன் ஆண்ட்ராய்டு 13. டேட்டா சேவர் ஏற்கெனவே அணைத்துத்தான் இருக்கிறது, அதே போனில் பிரவுசர் நன்றாக ஓடுகிறது. கேட்டிருப்பது ஏபிகே, மூலநிரல், எதற்காகச் செய்தோம் என்று ஒரு பக்கம்.

அட்டைப்பெட்டி
எண்ணை எந்த வகையில் வைத்திருக்கிறீர்கள்? ஐஎஸ்பிஎன்னை, அதாவது புத்தகத்தின் அந்த எண்ணை, முழு எண்ணாக வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 2007-க்கு முன்பு வந்த புத்தகங்களில் 10 இலக்கம்தான். அதில் முதல் இலக்கம் சுழியாக இருக்கலாம், கடைசியில் எக்ஸ் என்ற எழுத்துகூட வரும். முழு எண்ணாக மாற்றினால் சுழி காணாமல் போகும், எக்ஸ் பிழை கொடுக்கும். சரமாக, அதாவது எழுத்துகளின் வரிசையாக, வையுங்கள். உங்கள் சிக்கல் இதுதான், பந்தயம்.

புது_வரவு
ஐயோ, முழு எண்தான். மாற்றுகிறேன். ஆனால் அதே புத்தகம், அதே 13 இலக்க எண். என் போனில் வருகிறது, அக்காவிடம் வரவில்லை.

ஒற்றைக்_கமா
உங்கள் போனில் ஆப்பை எப்படி ஏற்றினீர்கள்? கேபிள் மாட்டி ரன் கொடுத்தா? அக்காவுக்கு மட்டும் ரிலீஸ் பில்ட், அதாவது வெளியிடும் பதிப்பு, எடுத்து அனுப்பினீர்களா?

புது_வரவு
ஆமாம். ஏன்?

ஒற்றைக்_கமா
அதுதான் விஷயம். ப்ராஜெக்டில் ஆண்ட்ராய்டு, அதற்குள் ஆப், அதற்குள் எஸ்ஆர்சி என்று போங்கள். டீபக், மெயின், ப்ரொஃபைல் என்று மூன்று ஃபோல்டர் இருக்கும், மூன்றிலும் ஒரு மேனிஃபெஸ்ட், ஆப்புக்கு என்னென்ன அனுமதி வேண்டும் என்று சொல்லும் கோப்பு. ஃப்ளட்டர் புது ப்ராஜெக்ட் உருவாக்கும்போது இன்டர்நெட் அனுமதி வரியை டீபக்கிலும் ப்ரொஃபைலிலும் மட்டும் போட்டுவைக்கும். ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினியோடு பேசி, மாற்றிய நிரலை உடனே ஏற்ற (ஹாட் ரீலோட்) ஃப்ளட்டருக்கே அது தேவை. கேபிள் மாட்டி ரன் கொடுத்தால் டீபக்கும் சேரும், ரிலீஸ் பில்ட் எடுப்பது மெயினை மட்டும் வைத்து. அங்கே அந்த வரி இல்லை என்றால் ஆப் வெளியே போகவே முடியாது. டீபக்கில் இருக்கும் வரியை மெயினில் அப்ளிகேஷன் டேகுக்கு மேலே ஒட்டிவிட்டு மறுபடி பில்ட் எடுங்கள்.

இன்னொன்று. மூலநிரல் பார்க்காமலே சொல்கிறேன், எந்தப் பிழை வந்தாலும் அதைப் பிடிக்கும் கேட்ச் பிளாக்கில் "புத்தகம் இல்லை" என்று எழுதியிருப்பீர்கள். புத்தகம் இல்லாததும் இணையத்தைத் தொட முடியாததும் ஒன்றா? அந்த வாசகம்தான் நம் எல்லோரையும் இவ்வளவு நேரம் சுற்றவிட்டது.

வரிக்குதிரை
ஏபிகேயைப் போட்டுப் பார்த்தேன். யோசனை நன்றாக இருக்கிறது, உண்மையாகவே எனக்குத் தேவை. குறைகளும் உண்டு. முதலில் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை, என்ன செய்வதென்று புரியவில்லை. மூலையில் ஒரு பிளஸ் குறி இருப்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். பெயருக்குப் பக்கத்திலேயே குட்டியாக ஒரு குப்பைத்தொட்டி. தெரியாமல் விரல் பட்டது, கேள்வி கேட்காமல் அழித்துவிட்டது. புத்தகமும் போச்சு, வாங்கிப் போனவர் பெயரும் போச்சு. தொடும் இடம் 48 டிபியாவது (ஆண்ட்ராய்டில் திரையை அளக்கும் அலகு) இருக்கட்டும், அழிக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். திருப்பிக் கொடுத்ததும் "புத்தகம் திரும்பப்பட்டது" என்று வருகிறது. எந்த ஊர்த் தமிழ் இது? "திரும்பி வந்தது" போதும்.

நினைவூட்டல் என் போனில் வரவில்லை. ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷனுக்கும் பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

அட்டைப்பெட்டி
தமிழைத் தொட்டதால் நானும் ஒன்று. ஆப்பின் தலைப்பில் "கடன் புத்தகங்கள்" என்று இருக்கிறது. பணம் என்றால் கடன், பொருள் என்றால் இரவல். வாங்கியதையே திருப்பிக் கொடுப்பதுதான் இரவல்.

நள்ளிரவு_கம்பைலர்
கைமாற்று என்று ஒன்று இருக்கிறதே, அதை எங்கே வைப்பீர்கள்?

அட்டைப்பெட்டி
அது வட்டியில்லாமல் கொஞ்ச நாளைக்கு வாங்கும் பணம். புத்தகத்துக்கு ஒத்துவராது.

வரிக்குதிரை
சங்கப் பாட்டில் இரவலர் என்றால் பரிசில் கேட்டு வருபவர். வாங்கினால் திருப்பித் தருவதில்லை. என்னிடம் புத்தகம் வாங்கிப் போனவர்களுக்கு அந்தச் சொல்தான் பொருத்தம், ஆப்பின் பெயரையே அப்படி வைக்கலாம்.

மூத்த_நிரலர்
இழை எங்கேயோ போகிறது. கோட்லினில் எழுதியிருந்தால் இந்த மேனிஃபெஸ்ட் குழப்பமே வந்திருக்காது.

ஒற்றைக்_கமா
கோட்லின் ப்ராஜெக்டிலும் அந்த வரியை நாமேதான் போட வேண்டும். என்ன, போடாவிட்டால் முதல் ரன்னிலேயே தெரிந்துவிடும், அது ஒரு வசதி.

புது_வரவு, நேரம் குறைவு, எல்லாவற்றையும் திருத்தப் போகாதீர்கள். மேனிஃபெஸ்ட், கேட்ச் வாசகம், அழிக்கும்முன் கேட்பது, இந்த மூன்று போதும். மீதியை அந்த ஒரு பக்கத்தில் "இன்னும் செய்ய வேண்டியவை" என்று நேர்மையாக எழுதுங்கள். நான் தேர்வு செய்கிறவனாக இருந்தால் அந்தப் பத்தியைத்தான் முதலில் படிப்பேன்.

புது_வரவு
வந்துவிட்டது!!! அந்த ஒரு வரிதான். தலைப்பையும் "இரவல்" என்று மாற்றிவிட்டேன். அனுப்பியாச்சு, தூங்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

வரிக்குதிரை
நோட்டிஃபிகேஷன் அனுமதி சேர்த்தீர்களா?

ஒற்றைக்_கமா
அனுப்பிய ஏபிகேயை அக்கா போனில் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தீர்களா?

நள்ளிரவு_கம்பைலர்
மூன்று வாரம் ஆகிவிட்டது. சீட் கிடைத்ததா தங்கை?

அட்டைப்பெட்டி
பதில் இல்லை. இரவலர்தான்.