தம்பியின் டயரும் கெந்திங் ஏற்றமும்

குழு: தாத்தா வீடு
சனிக்கிழமை

தம்பி, காலை 10:12
(படம்)
டயர் கடையில் இந்த ரிம் செட் (டயர் மாட்டும் உலோகச் சக்கரம்) இருக்கிறது. 16 அங்குலம், டயர் 215/60. நம் டொயோட்டா ஆல்டிஸ் காரில் இப்போது இருப்பது 195/65 ஆர்15. போல்ட் துளை பொருந்தும் என்று கடைக்காரர் சொல்கிறார். ஜூன் விடுமுறையில் மலேசியாவின் கெந்திங் மலைக்குப் போவதற்குள் மாற்றிவிடலாமா? மாமா, பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மா, 10:15
பார்க்க நன்றாக இருக்கிறது. டயர் பெரிதாக இருந்தால் மலை ஏற வசதிதானே?

பெரியக்கா, 10:16
விலை என்ன?

தம்பி, 10:16
ஒருவர் கழற்றிக் கொடுத்த செட், அதனால் புதிதைவிட நிறைய மலிவு. இன்று மாலை வரைதான் வைத்திருப்பாராம்.

ஈசூன் மாமா, 10:31
பணம் கொடுத்துவிட்டாயா மருமகனே?

தம்பி, 10:31
இன்னும் இல்லை மாமா.

ஈசூன் மாமா, 10:32
நல்லது, கொடுக்காதே. கையில் பழுது பார்க்கும் வண்டி ஒன்று இருக்கிறது, முடித்துவிட்டு எழுதுகிறேன்.

ஈசூன் மாமா, 11:05
டயரில் எழுதியிருக்கும் எண்ணை முதலில் படி. 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். அதாவது சுமார் 127 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் 15 அங்குல ரிம், அது 381 மி.மீ. எல்லாம் கூட்டினால் டயரின் மொத்த உயரம் 634.5. இப்போது அந்தப் புது டயருக்கு நீயே கணக்குப் போடு.

தம்பி, 11:09
215-இல் 60 சதவீதம் 129. இரண்டு பக்கத்துக்கும் 258. ரிம் 406.4. மொத்தம் 664.4.

ஈசூன் மாமா, 11:10
30 மி.மீ. கூடுகிறது, கிட்டத்தட்ட 4.7 சதவீதம். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் இன்ஜினுக்குத் தெரியும்.

அம்மா, 11:12
அண்ணா, எனக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள். பின்சீட்டில் உட்காரப் போவது நான்.

ஈசூன் மாமா, 11:20
சொல்கிறேன்மா. இன்ஜின் சுற்றுகிற வேகத்திலேயே சக்கரம் சுற்றினால் வண்டி நின்ற இடத்தை விட்டு நகராது, அந்த வேகத்தில் இழுவை போதாது. அதனால் சுற்றைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிறோம். கியர் பாக்ஸில் ஒரு தடவை குறைக்கிறோம். கடைசியில், இழுவையை இடது வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் இருக்கும் இடத்தில் இன்னொரு தடவை. இந்தக் கடைசிக் குறைப்புக்குத்தான் ஃபைனல் டிரைவ் என்று பெயர். பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தில் 10 பல், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தில் 41 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பினியன் 4.1 சுற்று போனால்தான் சக்கரம் ஒரு சுற்று போகும். அந்த 4.1-தான் ரேஷியோ, அதாவது விகிதம்.

எண் கூடக் கூட வண்டி சுறுசுறுப்பாகக் கிளம்பும், ஏற்றத்தில் நன்றாக இழுக்கும். ஆனால் விரைவுச்சாலையில் இன்ஜின் அதிகமாகச் சுற்றும், சத்தமும் பெட்ரோலும் கூடும். எண் குறைந்தால் நேர்மாறு. சுமை ஏற்றுகிற லாரிகள் பலவற்றில் இந்த எண் பெரிதாக இருப்பது அதனால்தான்.

நான், 11:24
அப்படியானால் டயருக்கும் இதற்கும் என்ன தொடர்பு மாமா? டயரை மாற்றினால் அந்தப் பல் எண்ணிக்கை மாறாதே.

ஈசூன் மாமா, 11:29
பல் மாறாது. ஆனால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்பதை முடிவு செய்வது டயர். பழைய டயரில் ஒரு சுற்றுக்கு 1.99 மீட்டர். புது டயரில் 2.09 மீட்டர். டயர்தான் அந்த வண்டியின் கடைசிக் கியர். கடைக்காரர்கள் பலர் இதைச் சொல்வதே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

4.1-ஐ 634.5-ஆல் பெருக்கி 664.4-ஆல் வகுத்துப் பார். 3.92 வரும். அந்தச் செட்டை மாட்டினால், கியர் பாக்ஸைத் தொடாமலேயே உன் ரேஷியோவை 4.1-இலிருந்து 3.92-க்கு இறக்கிவிட்டாய் என்று அர்த்தம்.

நான், 11:41
நானும் போட்டுப் பார்த்தேன். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1500 மீட்டர். பழைய டயர் நிமிடத்துக்குச் சுமார் 753 சுற்று, புது டயர் 719 சுற்று. 4.1-ஆல் பெருக்கினால், கியர் பாக்ஸ் ஒன்றுக்கு ஒன்றாக இருக்கும்போது இன்ஜின் சுமார் 3087-க்குப் பதிலாக 2948 சுற்று. சரியா மாமா?

ஈசூன் மாமா, 11:43
சரிதான். வண்டியின் பாரத்தில் டயர் கொஞ்சம் அமுங்குவதால் நிஜத்தில் சிறு வித்தியாசம் வரும், ஆனால் விகிதம் இதுதான்.

தம்பி, 11:44
அப்படியென்றால் நல்லதுதானே? இன்ஜின் குறைவாகச் சுற்றினால் பெட்ரோல் மிச்சம்.

ஈசூன் மாமா, 11:52
நீளமான, சமமான சாலையில் ஒரே வேகத்தில் போனால் கொஞ்சம் மிச்சமாகலாம். நீ தினமும் ஓட்டுவது அப்படியா? ஜூரோங்கிலிருந்து பிஐஇ விரைவுச்சாலையில் காலை நெரிசலில் நகர்ந்து நின்று நகர்ந்து போகிறாய். ஒவ்வொரு தடவையும் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். அங்கே உனக்கு வேண்டியது இழுவை.

ஒரு கணக்கு. இன்ஜின் 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுக்கிறது, முதல் கியர் 3.5, ஃபைனல் டிரைவ் 4 என்று வை. அச்சில் 2100 கிடைக்கும். அதை டயரின் ஆரத்தால் வகுத்தால் தரையைத் தள்ளும் விசை. 0.317 மீட்டர் ஆரத்துக்கு 6625 நியூட்டன். 0.332 மீட்டருக்கு 6325. இன்ஜின் அதேதான், 300 நியூட்டன் போய்விட்டது.

பெரியக்கா, 11:55
300 நியூட்டன் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை மாமா.

ஈசூன் மாமா, 12:01
வேறு மாதிரி சொல்கிறேன். வண்டி 1300 கிலோ, அதில் ஐந்து பேரும் பைகளும் சேர்ந்து 350 கிலோ. மொத்தம் 1650. மலை ஏறும்போது இழுவை 4.5 சதவீதம் குறைவது, எடை 4.7 சதவீதம் கூடுவதற்குச் சமம். சுமார் 78 கிலோ. ஆறாவதாக ஒரு பெரிய ஆளை ஏற்றிக்கொண்டு கெந்திங் போகிறாய். அந்த ரிம்மும் டயரும் பழசைவிடக் கனமாக இருந்தால் அது தனி.

பெரியக்கா, 12:02
இப்போது புரிந்தது.

ஈசூன் மாமா, 12:10
கெந்திங் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1800 மீட்டர். வழியில் இருக்கும் கோத்தோங் ஜெயா ஊரைத் தாண்டியதும் ஏற்றமும் வளைவும் மாறி மாறி வரும். ஆட்டோ கியர் வண்டி அங்கே கியரை ஏற்றும், இழுக்காது, இறக்கும், மறுபடி ஏற்றும். ரேஷியோ இறங்கினால் அந்தத் தடுமாற்றம் கூடும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குக் கவலை. கீழ் கியரில் போட்டு இன்ஜினை வைத்து வேகத்தைப் பிடிக்க வேண்டும். டயர் பெரிதானால் அந்தப் பிடியும் அதே அளவு குறையும். பிரேக்கும் அப்படித்தான், பெரிய சக்கரத்தை நிறுத்தக் காலை இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும். அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி இது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அம்மா, 12:12
அந்தச் செட் வேண்டாம் தம்பி.

தம்பி, 12:13
சரி அம்மா. மாமா, வேகமானியும் தவறாகக் காட்டுமா?

ஈசூன் மாமா, 12:18
காட்டும். இப்போது அது சரியாகக் காட்டுகிறது என்று வை, பெரிய டயரில் அது 90 என்று காட்டும்போது நீ 94-இல் போய்க்கொண்டிருப்பாய். நிஜத்தில் நிறுவனங்கள் வேகமானியைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் அமைப்பார்கள், குறைத்துக் காட்டக்கூடாது என்பது விதி. அந்த இடைவெளியைப் பெரிய டயர் தின்றுவிடும். அப்புறம் கேமராவிடம் போய் டயரைக் காரணம் சொல்ல முடியாது.

ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும். அதில் 10,000 கிலோமீட்டர் ஏறும்போது வண்டி 10,470 ஓடியிருக்கும். இன்ஜின் ஆயில் மாற்றுவது தள்ளிப்போகும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நீ போடும் கணக்கும் பிசகும்.

அத்தான், 12:25
மாமா, எங்கள் மின்சாரக் காரில் கியர் மாறுவதே இல்லையே. எங்களுக்கு இந்தக் கவலை இல்லைதானே?

ஈசூன் மாமா, 12:31
உங்களுக்கும் உண்டு மாப்பிள்ளை. மின்சாரக் காரிலும் ஒரு குறைப்பு இருக்கிறது, பெரும்பாலும் 9, 10 பக்கத்தில் ஒரே ஒரு ரேஷியோ. மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை கொடுப்பதால் இழுவை குறைந்தது காலுக்குத் தெரியாது. ஆனால் வேகமானிக் கணக்கு அதேதான். அகலமான, கனமான டயர் போட்டால் ஒரு சார்ஜில் போகும் தூரம் குறையும்.

தம்பி, 12:34
டயரை மாட்டிவிட்டு, ஃபைனல் டிரைவை மாற்றிச் சரிசெய்ய முடியாதா?

ஈசூன் மாமா, 12:40
முடியும், உன் வண்டிக்குத் தேவையில்லை. பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகத்தான் வரும், ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து, பற்களுக்கு இடையே இருக்கும் இடைவெளியை மில்லிமீட்டரில் சிறு பங்கு வரை அளந்து, பல்லில் சாயம் பூசி எங்கே உரசுகிறது என்று பார்த்துப் பொருத்த வேண்டும். சரியாக அமையாவிட்டால் ஓட ஓட ஊளையிடும். உன்னுடையது முன்சக்கரம் இழுக்கும் வண்டி, ஃபைனல் டிரைவ் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. முழுவதையும் இறக்க வேண்டும். ஒரு ரிம் அழகுக்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

நான், 12:43
16 அங்குல ரிம்தான் ஆசை என்றால் வேறு டயர் அளவு இருக்கிறதா மாமா?

ஈசூன் மாமா, 12:50
இருக்கிறது. ரிம் பெரிதாகலாம், வெளிச்சுற்று மாறக்கூடாது. ரிம் ஏறும் அளவுக்குப் பக்கச்சுவர் இறங்க வேண்டும். 205/55 ஆர்16 போட்டால் மொத்த உயரம் 631.9. பழசுக்கும் இதற்கும் அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. ரேஷியோ, வேகமானி, ஓடோமீட்டர் எல்லாம் அப்படியே இருக்கும். பக்கச்சுவர் 113 மி.மீ., மலேசியாவில் குழியில் விழுந்தாலும் தாங்கும்.

215/45 ஆர்17 என்றும் சிலர் போடுவார்கள். உயரம் 625.3, அதுவும் பரவாயில்லை. ஆனால் பக்கச்சுவர் 97-தான். குடும்ப வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

தம்பி, 12:52
205/55 சரி. ஜோகூரில் போய் மாற்றட்டுமா, அங்கே மலிவு.

ஈசூன் மாமா, 12:58
எங்கே வேண்டுமானாலும் மாற்று, இரண்டு விஷயம் பார். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரொம்பப் பழசு வாங்காதே. அடுத்தது அளவுக்குப் பின்னால் வரும் பார எண், 91-க்குக் குறையக்கூடாது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும்.

பெரியக்கா, 13:01
வண்டியை இன்ஸ்பெக்ஷனுக்குக் கொண்டுபோகும்போது பிரச்சினை வராதே?

ஈசூன் மாமா, 13:04
டயர் வண்டியின் உடம்பை விட்டு வெளியே நீட்டக்கூடாது, டயர்ப் பூவின், அதாவது தரையைத் தொடும் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தின், ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது. 205/55 என்றால் பயமில்லை. 215/60 என்றால் சக்கர வளைவில் 15 மி.மீ. இடம் போயிருக்கும், ஆள் நிறைய உட்கார்ந்து ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது உரச வாய்ப்பு உண்டு.

தம்பி, 13:06
கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 205/55-க்கு விலை கேட்டிருக்கிறேன்.

ஈசூன் மாமா, 13:08
நல்லது. மாட்டியதும் கெந்திங் கிளம்பும் முன் என்னிடம் கொண்டு வா, நட்டையெல்லாம் ஒரு தடவை முறுக்கிப் பார்க்கிறேன். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு. முழு ஆளோடு போகும்போது காற்று எவ்வளவு என்று அதில் இருக்கும், காலையில் டயர் சூடாகும் முன் அந்த அளவுக்கு அடி. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு வருவதற்கு முன் பெட்ரோல் முக்கால் டேங்க் இருக்க வேண்டும், அதையும் மறந்துவிடாதே.

தம்பி, 13:15
(படம்)
ஸ்டிக்கர் இதுதானே மாமா?

ஈசூன் மாமா, 13:16
அதேதான்.