சேர்ந்து ஒரு க்வில்ட் தைக்கலாம்னு இருக்கோம், ஆளாளுக்கு அளவு மாறுமே, எப்படி சமாளிக்கிறது?

ஊசிக்காது:
எனக்கு க்வில்டிங்னா பைத்தியம்னே சொல்லலாம். கலர் பாத்து துணி எடுக்கிறது, வெட்டுறது, ஒட்டு போடுறது, இஸ்திரி போட்டு தையலை அமுக்குறது, கடைசில மேல் துணி, பஞ்சு, அடித்துணின்னு மூணையும் அடுக்கி தைக்கிறது, இதுல எந்த இடமும் சலிக்கல, ஓரத்தை சுத்தி பட்டி வச்சு மூடுற பைண்டிங் மட்டும் கொஞ்சம் கடுப்பு. இவ்ளோ நாளா தனியாத்தான் பண்ணிட்டு இருந்தேன். இப்போ கூட வேலை பாக்குற நாலஞ்சு பேர் நான் தைச்சத பாத்துட்டு எங்களுக்கும் சொல்லிக்குடுன்னு பிடிச்சிக்கிட்டாங்க. எங்க டீம்ல ஒருத்தர் ரிட்டயர் ஆகப்போறார், அவருக்கு எல்லாரும் சேர்ந்தே ஒரு க்வில்ட் தைச்சு குடுத்துடலாம்னு பேச்சு போயிட்டு இருக்கு, ஆளுக்கு நாலு பிளாக்னு, அதாவது ஒட்டு போட்டு தைக்கிற சதுரத் துண்டு.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தங்க சூப்பரா ட்ரெஸ் தைப்பாங்க, ஒருத்தர் சட்டை பட்டன் கூட தைச்சதில்ல, இன்னொருத்தங்ககிட்ட மெஷினே கிடையாது. இத்தனை பேர் தைச்ச பிளாக் எப்படிங்க ஒண்ணோட ஒண்ணு பொருந்தும்? மெஷின் இல்லாதவங்களுக்கு என்ன வேலை குடுக்கிறது? அதோட நான் கொஞ்சம் கறார் பார்ட்டி, ஒரு முனை தள்ளி நின்னாலே பிரிச்சுடுவேன். அடுத்தவங்க தைச்சத பிரிக்க ஆரம்பிச்சா யாராவது அப்புறம் வருவாங்களா?

கால்இன்ச்:
பட்டன் தைக்காதவர பத்தி கவலையே படாதீங்க, ட்ரெஸ் தைக்கிறவங்கள கவனிங்க. சீரியஸாத்தான் சொல்றேன். புதுசா வர்றவர் நீங்க சொல்ற அளவுல தைப்பார், ட்ரெஸ் தைச்சு பழகுன கை தானா துணி ஓரத்துலேருந்து அரை இன்ச்சுக்கு மேல உள்ள பிடிச்சு தைக்கும். நமக்கு கால் இன்ச்தான், அதுலயும் ஒரு நூல் அளவு குறைச்சலா தைச்சா இன்னும் சரியா வரும், ஏன்னா துணி மடங்குற இடமே கொஞ்சம் அளவை தின்னுடும்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒருத்தங்க ஒவ்வொரு தையல்லயும் 1/16 இன்ச் கூடுதலா பிடிக்கிறாங்கன்னு வைங்க, அது ரெண்டு பக்க துணிலயும் போகும், அப்போ ஒரு தையலுக்கு 1/8 இன்ச் அவுட். ஒரு பிளாக்ல குறுக்கால எட்டு தையல் வந்தா முழுசா ஒரு இன்ச் காணாம போயிடும். கண்ணுக்கு தெரியாத தப்புதான், பக்கத்து பிளாக்கோட சேர்க்கும்போதுதான் வெளிய வரும்.

அதனால பிளாக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரையும் ஒரு சின்ன டெஸ்ட் தைக்க சொல்லுங்க. ஒன்றரை இன்ச் அகலத்துல மூணு பட்டை வெட்டி வரிசையா சேர்த்து தைச்சு, இஸ்திரி போட்டு, ஸ்கேல் வச்சு அளக்கணும். மொத்தம் மூன்றரை இன்ச், நடுப்பட்டை கரெக்டா ஒரு இன்ச் இருக்கணும். வரலைன்னா ஊசிய நகத்துங்க, இல்ல மெஷின் பெட்ல ஒரு டேப் ஒட்டி அதை ஒட்டியே துணிய ஓட விடுங்க. இதுல யாரையும் குறை சொன்ன மாதிரியும் இருக்காது, ஸ்கேல்தானே சொல்லுது.

அப்புறம் வெட்டுற வேலைய ஒரே ஆள், ஒரே ஸ்கேல் வச்சு பண்ணுங்க. ஸ்கேலுக்கு ஸ்கேல் கோடு கொஞ்சம் மாறும், நம்பவே மாட்டீங்க ஆனா மாறும். இஸ்திரியையும் இழுத்து தேய்க்க வேணாம்னு சொல்லி வைங்க, தூக்கி வச்சு அமுக்கி எடுக்கணும், தேய்ச்சா துணி இழுபட்டு வளைஞ்சிடும், அப்புறம் தையல் எவ்ளோ நேரா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

ஓரத்தையல்:
கால்இன்ச் சொன்னதெல்லாம் சரி, ஆனா டிசைன் தேர்ந்தெடுக்கிறதுலயே பாதி பிரச்சனைய முடிச்சிடலாம். நட்சத்திர டிசைன் பக்கமே போகாதீங்க. அதுல முனை பிளாக்கோட ஓரத்துக்கே வரும், பிளாக் பெருசா வந்துடுச்சேன்னு ஓரத்தை வெட்டுனா முனையும் சேர்ந்து போயிடும். லாக் கேபின் எடுத்துக்கோங்க, நடுவுல ஒரு சின்ன சதுரம், அதை சுத்தி சுத்தி பட்டை. வெளிப்பட்டைய மட்டும் கொஞ்சம் அகலமா வெட்டிக்குடுத்துடுங்க, எல்லாரும் எப்படி வேணா தைச்சுட்டு வரட்டும், கடைசில நீங்க உக்காந்து எல்லாத்தையும் பன்னெண்டரை இன்ச்சுக்கு வெட்டிடுங்க. வெளிப்பட்டை ஒண்ணுல அகலமாவும் ஒண்ணுல ஒல்லியாவும் இருக்கும், யாருக்கும் தெரியாது.

பிளாக்குக்கு நடுவுல பட்டை குடுத்தா இன்னும் நிம்மதி. பிளாக்கோட பிளாக் நேரா முட்டாததால முனை பொருந்தல, கோடு சேரலங்கற பேச்சே வராது. தைச்ச பிறகு 12 இன்ச் வர்ற பிளாக்கா இருபது, நாலுக்கு அஞ்சா அடுக்கி, நடுவுலயும் சுத்தியும் ரெண்டு இன்ச் பட்டை குடுத்தீங்கன்னா 58க்கு 72 இன்ச் வரும், சோஃபால உக்காந்து மடில போத்திக்க அருமையான சைஸ். அடித்துணியும் பஞ்சும் நாலு பக்கமும் நாலு இன்ச் கூட விட்டு வெட்டுங்க, தைக்க தைக்க மேல் துணி தள்ளிட்டு போகும்.

துணி அவங்கவங்க கொண்டு வரட்டும்னு மட்டும் விட்டுடாதீங்க. ஒருத்தர் பழைய டீ ஷர்ட் கொண்டு வருவார், ஒருத்தர் ஜீன்ஸ், இன்னொருத்தர் வழுக்குற சில்க். டீ ஷர்ட் இழுத்தா நீளும், பின்னாடி கேன்வாஸ் ஒட்டாம அளவு நிக்கவே நிக்காது. காட்டன், ஒரே கனம், அவ்ளோதான்னு முதல்லயே சொல்லிடுங்க.

முடிச்சுமுனி:
மெஷின் இல்லாதவங்கள ஏன் பிரச்சனையா பாக்குறீங்கன்னு தெரியல. சேர்ந்து தைக்கிறதுக்கு கைத்தையல் மாதிரி வருமா, நாலு மெஷின் ஓடுற ரூம்ல பேசுறது காதுல விழுமாங்க?

அவங்களுக்கு பேப்பர் வச்சு தைக்கிற அறுகோணம் சொல்லிக்குடுங்க. பக்கத்துக்கு ஒரு இன்ச் வர்ற மாதிரி கெட்டி பேப்பர்ல அறுகோணம் வெட்டிக்கணும், துணிய அது மேல மடிச்சு நூலோட்டி வைக்கணும், ரெண்டு அறுகோணத்தை முகத்தோட முகம் வச்சு ஓரத்துல பொடிப்பொடியா சுத்தித் தையல் போட்டு சேர்க்கணும், ஒரு துண்டோட எல்லா பக்கமும் சேர்ந்த பிறகுதான் அதோட பேப்பரை உருவணும். இதுல கால் இன்ச் கவலையே இல்ல, பேப்பர்தான் அளவு. ஏழு சேர்ந்தா ஒரு பூ, அந்த பூவை ஒரு சதுரத் துணில வச்சு தைச்சா அதுவே ஒரு பிளாக். பைல போட்டு எங்க வேணா எடுத்துட்டு போலாம், பஸ்ல கூட தைக்கலாம்.

பட்டன் தைக்காதவருக்கும் வேலை இருக்கு. மூணு அடுக்கையும் சேர்க்க முழுசா தைச்சே ஆகணும்னு இல்ல, தடி நூலை மேலேருந்து கீழ விட்டு திரும்ப மேல எடுத்து இறுக்கி முடிச்சு போட்டா போதும், நாலு இன்ச்சுக்கு ஒண்ணுன்னு. பஞ்சு பாக்கெட்டுல எத்தனை இன்ச்சுக்குள்ள தையல் வரணும்னு போட்டிருப்பாங்க, அதை மட்டும் பாத்துக்கோங்க, அதுக்கு மேல இடைவெளி விட்டா துவைக்க துவைக்க பஞ்சு நகர்ந்து கட்டி கட்டியா ஒதுங்கிடும். மேஜை மேல விரிச்சு நாலு பக்கமும் உக்காந்தா முடிச்சு போடுற வேலை பேசிட்டே இருக்கும்போது முடிஞ்சிடும். முடிச்சு போட்ட க்வில்டுன்னா மட்டம்னு ஒரு கூட்டம் சொல்லிட்டு திரியும், காதுல வாங்காதீங்க.

தனித்தையல்:
எல்லாரும் உற்சாகப்படுத்துறீங்க, நான் மாத்தி சொல்றேன், கோச்சுக்காதீங்க. புதுசா கத்துக்கிறவங்கள முதல் தடவையே கிஃப்டுக்கும் தேதிக்கும் கட்டிப் போடாதீங்க. ரிட்டயர் ஆகுற தேதி யாருக்காகவும் தள்ளிப் போகாது. ஒருத்தர் நாலு பிளாக்ல ஒண்ணுதான் முடிப்பார், மிச்சம் மூணு ராத்திரி உக்காந்து தைக்கப்போறது நீங்கதான், அதுவும் முறைச்சுக்கிட்டே.

ஆசை வரணும்னா அவங்க தைச்சது அவங்ககிட்ட இருக்கணும். ஆளுக்கு ஒரு குஷன் கவர், இல்ல டீ கோப்பை வைக்கிற சைஸ்ல ஒரு குட்டி க்வில்ட், அதுலயே மூணு அடுக்கு, தையல், பைண்டிங் எல்லாம் வந்துடும், ஒரு முழு சுத்து முடிச்ச திருப்தி. சேர்ந்து உக்காந்து தனித்தனியா தைக்கிறதும் பகிர்ந்துக்கிறதுதானே? மிச்சத் துணிய மாத்திக்கலாம், கலர் கேக்கலாம், கட்டர் பிடிக்க சொல்லிக்குடுக்கலாம். இந்த பொழுதுபோக்கை ஆபீஸ் ப்ராஜெக்ட் மாதிரி ஆக்கிட்டு, அப்புறம் ஊசிய பாத்தாலே வெறுப்புன்னு போனவங்கள பாத்திருக்கேன்.

ஊசிக்காது:
@தனித்தையல் நீங்க சொன்னதுல அந்த முறைச்சுக்கிட்டேங்கறது நான்தான், சந்தேகமே இல்ல. ஆனா தேதிக்கு இன்னும் நிறைய டைம் இருக்கு, அவங்களே ஆசைப்பட்டு கேட்டதால வேணாம்னு சொல்ல மனசு வரல. முதல்ல எல்லாருக்கும் ஒரு குட்டி க்வில்ட், பிடிச்சிருக்குன்னு சொல்றவங்க மட்டும் பெரிய க்வில்டுக்கு வரட்டும்னு வச்சுக்கலாமா? என் கறார் புத்திய என்ன பண்றதுன்னு யாரும் சொல்லலையே.

பஞ்சுமூட்டை:
அந்த கேள்விக்கு நான் வரேன். எய்ட்ஸ்ல இறந்து போனவங்களுக்காக அமெரிக்காவுல தைச்ச நினைவு க்வில்ட் கேள்விப்பட்டிருப்பீங்க. 1987 அக்டோபர்ல வாஷிங்டன்ல நேஷனல் மால் புல்வெளில முதல் தடவை விரிச்சப்போ 1,920 துண்டு இருந்துச்சு, இப்போ கிட்டத்தட்ட 50,000, எடையே 50 டன்னுக்கு மேல. அதை தைச்சதுல பெரும்பாலானவங்க க்வில்டிங் தெரிஞ்சவங்களே இல்ல, இறந்தவரோட நண்பர், அம்மா, காதலர், இவங்கதான். ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி. அந்த சைஸ்தான் கண்டிப்பு, உள்ள ஜீன்ஸ் வச்சாங்க, பொம்மை வச்சாங்க, பெயிண்ட் பண்ணாங்க. எட்டு துண்டை சேர்த்தா 12 அடிக்கு 12 அடி சதுரம் ஆகிடும், அப்படித்தான் கோத்துட்டே போனாங்க. அத்தனை ஆயிரம் பேர் தைச்சும் பொருந்துனதுக்கு அந்த ஒரு அளவுதான் காரணம்.

உங்க க்வில்டுக்கும் அதேதான். பன்னெண்டரை இன்ச்ங்கறதுல கறாரா இருங்க, எவ்ளோ வேணா இருங்க. அதுக்குள்ள தையல் கோணலா போனா அது அவங்க சமாச்சாரம். பிரிச்சே ஆகணும்னா ஒரே ஒரு காரணத்துக்கு பிரிங்க, துவைச்சா விட்டுடுமான்னு. கால் இன்ச்சை விட ரொம்ப ஒல்லியா பிடிச்ச தையல், நூல் லூஸா நிக்கிற தையல், அவ்ளோதான். அதையும் தைச்சவங்க வீட்டுக்கு போன பிறகு எடுத்து வச்சு சரி பண்ணாதீங்க. மறுநாள் எடுத்து பாக்கும்போது தன் தையல் இல்லன்னு அவங்களுக்கு கண்டிப்பா தெரியும். அவங்க கைலயே பிரிப்பான குடுத்து பக்கத்துல உக்காருங்க.

கலர் விஷயத்துல மட்டும் ஒரு தந்திரம் இருக்கு, எல்லா பிளாக்கோட நடுச் சதுரத்தையும் ஒரே துணில நீங்களே வெட்டிக்குடுத்துடுங்க. சுத்தி எவ்ளோ கலாட்டா கலர் வந்தாலும் அது எல்லாத்தையும் பிடிச்சு நிறுத்திடும்.

ஊசிக்காது:
ஆஹா, ஒரு அளவுல மட்டும் கறார்ங்கறது எனக்கு சரிப்பட்டு வரும்போல, நடுச் சதுரம் கரும் சிவப்புன்னு இப்பவே முடிவு பண்ணிட்டேன். இன்னொண்ணு. இதை குடுத்தா அவர் பீரோல வச்சு பூட்டிடுவாரோன்னு பயமா இருக்கு, நான் முன்னாடி குடுத்தது ரெண்டு அப்படித்தான் தூங்குது. யூஸ் பண்ண வைக்கிறது எப்படி?

ஓரத்தையல்:
துவைச்சு குடுங்க. புதுசா மொடமொடன்னு குடுத்தா யாருக்கும் தொடவே பயமாத்தான் இருக்கும். பஞ்சு காட்டன்னா முதல் துவைப்புல 3லேருந்து 5 சதவீதம் சுருங்கும், மேல் துணில சின்ன சின்ன சுருக்கம் விழுந்து பழகுன போர்வை மாதிரி ஆகிடும், கோணல் தையலும் அதுல மறைஞ்சிடும், புதுசா தைக்கிறவங்களுக்கு இது பெரிய வரம். ஆனா கரும் சிவப்புன்னு சொன்னீங்களே, வெட்டுறதுக்கு முன்னாடியே ஒரு துண்டை வெந்நீர்ல கொஞ்சம் சோப்பு போட்டு ஊற வச்சு பாத்துடுங்க. தண்ணி சிவந்தா அந்த துணிய தண்ணி தெளியுற வரைக்கும் அலசுங்க, தெளியவே இல்லன்னா வேற துணி. முழுசா தைச்ச பிறகு வெள்ளைப் பட்டைல சாயம் இறங்குனா அத்தனை பேர் உழைப்பும் போச்சு.

பின்னாடி ஒரு லேபிள் வைங்க, தைச்சவங்க பேர், வருஷம், அப்புறம் எப்படி துவைக்கிறதுன்னு ஒரு வரி. மெஷின்ல போடலாம்னு எழுத்துல இருந்தா ஆளு தைரியமா எடுத்து போத்திப்பார். துணில எழுதுற அழியாத பேனால எழுதி மேல இஸ்திரி வச்சுடுங்க. லேபிளை அடித்துணில முதல்லயே தைச்சுட்டு அப்புறம் மூணு அடுக்கையும் சேர்த்தீங்கன்னா க்வில்டிங் தையல் அது மேலயும் ஓடும், பிச்சுக்கிட்டு வராது.

முடிச்சுமுனி:
குடுக்கும்போது மடிச்சு ரிப்பன் கட்டி நீட்டாதீங்க, விரிச்சு அவர் தோள்லயே போத்தி விட்டுடுங்க. அப்புறம் ஆளாளுக்கு அவங்க பிளாக்ல ஒரு ஓரமா கையெழுத்தை பேனால போட்டு, அது மேலயே பின் தையல் போட சொல்லுங்க. பட்டன் தைக்காதவர் இருக்காரே, அவர்தான் இதை ரொம்ப ரசிச்சு பண்ணுவார், பாருங்க.

தனித்தையல்:
சரி சரி, நான் தோத்துட்டேன், பண்ணுங்க. முதல் நாள் ரோட்டரி கட்டர், அதான் வட்ட பிளேடை உருட்டி வெட்டுற கத்தி, அதை கைல குடுக்கும்போது ரெண்டே விஷயம் மறக்காம சொல்லிடுங்க, உடம்பை விட்டு வெளிப்பக்கமா தள்ளித்தான் வெட்டணும், கீழ வைக்கிறப்போ எல்லாம் பிளேடை மூடிட்டுத்தான் வைக்கணும். குட்டி க்வில்ட் முடிஞ்சதும் இங்க போட்டோ போடுங்க, பட்டன்காரரோடத முதல்ல.