வெல்ஷ் மொழி இண்டி பேண்டுகள்: எந்த லேபிள்ல ஆரம்பிக்கலாம்?

மழைப்பாட்டு:
சூப்பர் ஃபரி அனிமல்ஸ் பேண்டோட 'மூங்' ஒரு வாரமா ஓடிட்டே இருக்கு, 2000ல வந்த ஆல்பம், முழுக்க வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷ்லயே பாடிருக்காங்க, ஒரு வார்த்தை புரியல ஆனா விடவும் முடியல. இந்த மாதிரி பேண்டுகளை வெளியிட்ட சின்ன லேபிள், அதாவது ஆல்பம் போடுற கம்பெனி, எதுனா இருக்கா?

பழைய கேசட்:
ஆங்க்ஸ்ட் லேபிள் கேளுங்க நண்பா. 1988ல வேல்ஸ்ல இருக்குற அபெரிஸ்ட்வித் ஊர்ல மாணவங்க மூணு பேர் சேர்ந்து ஆரம்பிச்சது, நீங்க சொல்ற பேண்டோட முதல் ரெண்டு ஈபியும் (சில பாட்டு மட்டும் இருக்குற சின்ன ரெக்கார்ட்) 1995ல அவங்கதான் போட்டாங்க, கோர்க்கீஸ் ஸைகோடிக் மன்கி பேண்டும் அங்கதான் வளர்ந்தாங்க. டாட்ப்ளிகு பேண்டை மட்டும் விட்றாதீங்க, கீபோர்டும் டிரம் மெஷினும் வெச்சு அப்படி ஒரு கோவம், பிபிசி ரேடியோல டிஜே ஜான் பீல் அவங்களை விடாம போட்டுட்டே இருந்தாரு.

சுபா:
இப்போ நடக்குறது வேணும்னா வேல்ஸ்ல கார்மார்தன் ஊரோட லிபர்டினோ லேபிள். அங்க அட்வைத்னு மூணு பொண்ணுங்க, 2019லயும் 2022லயும் வெல்ஷ் மியூசிக் பிரைஸ் வாங்கினாங்க, ரெண்டு தடவையும் வெல்ஷ் மொழி ஆல்பத்துக்கே! சின்ன ஊர்ல இருந்து சொந்த மொழியில பாடி ஜெயிச்சது எனக்கு அவ்ளோ சந்தோஷம். முதல் ஆல்பம் 'மெலின்'ல தொடங்குங்க.

மழைப்பாட்டு:
ரொம்ப நன்றிங்க, இன்னைக்கு நைட்டே மெலின்.