தண்ணீர் ஒப்பந்தங்களில் நான்கில் மூன்று பங்கு ஏன் திருத்தி எழுதப்பட்டன?

செங்கதிர்:
உலக வங்கியில் பணியாற்றிய பொருளாதார அறிஞர் ஹோசே லூயிஸ் குவாஷ் 2004இல் வெளியிட்ட ஆய்வை முன்வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன். 1980களின் நடுவிலிருந்து 2000 வரை லத்தீன் அமெரிக்க, கரீபியன் நாடுகளில் போடப்பட்ட, சாலை, குடிநீர் போன்ற பொதுச் சேவையைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியாரிடம் ஒப்படைக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசு–தனியார் கூட்டு ஒப்பந்தங்களை அவர் அலசினார். மொத்தத்தில் 30 சதவீதம் பிறகு திருத்தப்பட்டன. போக்குவரத்தில் 54.7 சதவீதம், குடிநீர்–கழிவுநீரில் 74.4 சதவீதம். கையெழுத்தாகிச் சராசரியாக 2.2 ஆண்டுகளிலேயே மறுபேச்சு வந்துவிடுகிறது. குறைந்த விலை சொல்லி ஏலத்தை எடுப்பது, போட்டியாளர்கள் விலகியதும், அரசு பின்வாங்க முடியாத நேரம் பார்த்து விலையை ஏற்றுவது. இதுதான் நடக்கிறது. குடிநீரைத் தனியாரிடம் கொடுக்கவே கூடாது என்பது என் நிலைப்பாடு.

மதிவாணி:
அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள் சார். ஒப்பந்தம் போடும்போதே, கட்டணத்தையும் சேவையையும் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் இருந்த இடங்களில் திருத்தம் 17 சதவீதம்தான், இல்லாத இடங்களில் 61. அப்படியானால் கோளாறு ஒப்பந்தம் போட்ட விதத்தில் இருக்கிறது. இன்னொன்று: 1990களில் அர்ஜென்டினாவில் தண்ணீர் சேவை தனியாருக்குப் போன நகராட்சிகளில் குழந்தை இறப்பு சுமார் 8 சதவீதம் குறைந்தது, மிக ஏழ்மையான பகுதிகளில் 26 சதவீதம் என்று பொருளாதார அறிஞர்கள் கலியானி, கெர்ட்லர், ஷார்க்ரோட்ஸ்கி 2005இல் காட்டினார்கள். குழாய் போய்ச் சேர்ந்ததால் பிழைத்த குழந்தைகள் அவர்கள். இதைக் கணக்கில் சேர்க்காமல் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

செங்கதிர்:
அர்ஜென்டினாவையே எடுத்துக்கொள்வோம். தலைநகர் பியூனஸ் அயர்ஸில் 1993இல் தண்ணீர்க் கட்டணத்தை 26.9 சதவீதம் குறைப்பதாகச் சொல்லித் தனியார் நிறுவனத்தார் ஏலம் எடுத்தார்கள். மறு ஆண்டே 13.5 சதவீத உயர்வு வாங்கினார்கள். அங்கே ஆணையம் இருந்தது மேடம்! 1997 மறுபேச்சில் அதை ஓரங்கட்டிவிட்டு அரசும் நிறுவனமும் நேரடியாக முடித்துக்கொண்டன. 2006இல் அரசே சேவையைத் திரும்ப எடுத்தது. ஆணையம் என்று பலகை மாட்டினால் போதாது, அமைச்சகத்தை எதிர்த்து நிற்கும் அதிகாரம் வேண்டும். பொலிவியாவின் கொச்சபம்பா நகரிலோ தண்ணீர் ஏலத்தில் கலந்துகொண்டதே ஒரே ஒரு கூட்டமைப்பு. 2000இல் மக்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் அந்த ஒப்பந்தம் ரத்தானது.

மதிவாணி:
2002 ஜனவரியில் அர்ஜென்டினா நாணயமான பெசோவின் மதிப்பை டாலரோடு கட்டிவைத்திருந்த பிணைப்பு அறுந்ததையும், அவசரச் சட்டம் கட்டணத்தை உறையவைத்ததையும் விட்டுவிட்டு 2006க்குத் தாவுகிறீர்கள். டாலரில் கடன், பெசோவில் வசூல். இதில் யார் நடத்தினாலும் முழுகியிருப்பார்கள். ஆணையம் ஓரங்கட்டப்பட்டது பற்றி நீங்கள் சொல்வது சரி.

தொடுவானம்:
ஏல முறையைப் பற்றி இருவருமே அதிகம் பேசவில்லை. மெக்சிகோவில் 1989 முதல் சுங்கச் சாலைகளை, சுங்கம் வசூலிக்க மிகக் குறைந்த ஆண்டுகள் கேட்டவருக்குக் கொடுத்தார்கள். சீக்கிரம் காசை எடுக்க வேண்டுமே, கட்டணம் எகிறியது, வண்டிகள் பழைய சாலையிலேயே போயின. 1997இல் 52 சாலைகளில் 23ஐ அரசு ஏற்றுக்கொண்டு கடனையும் சுமந்தது. தனியார் முதலீடு என்று சொன்னது கடைசியில் பொதுக்கடனாகவே வந்து நின்றது. இதற்கு மாற்றாகப் பொருளாதார அறிஞர்கள் எங்கல், பிஷர், கலெடோவிச் ஒரு முறை சொன்னார்கள்: வருங்கால வசூலை வட்டி கழித்து இன்றைய மதிப்பில் கணக்கிட்டு, மொத்த வருவாய் இவ்வளவு போதும் என்று மிகக் குறைவாகக் கேட்பவருக்கே சாலை, அந்தத் தொகை வசூலானதும் ஒப்பந்தம் முடியும். வண்டி குறைந்தால் காலம் நீளும், கூடினால் சுருங்கும். 1998இல் சிலி, சாண்டியாகோ–வால்பராய்சோ சாலைக்கு இதைப் பயன்படுத்தியது.

மதிவாணி:
சாலைக்கு நல்ல வழி. தண்ணீருக்குப் பொருந்தாது. எவ்வளவு நிதானமாக வேலை செய்தாலும் தொகை வந்துவிடும் என்றால், குடிசைப் பகுதிக்குப் புதுக் குழாய் போட யார் அவசரப்படுவார்கள்?

செங்கதிர்:
அதனால்தான் சொல்கிறேன், தண்ணீரை விட்டுவிடுங்கள். சாலைக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒப்பந்தமும், ஒவ்வொரு திருத்தமும், அரசு கொடுத்த உத்தரவாதத் தொகையும் கையெழுத்தான அன்றே வெளியாக வேண்டும்.

மதிவாணி:
வெளியிடுவதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நகராட்சியிடம் குழாய் போடப் பணமே இல்லாத இடத்தில், தண்ணீரை விட்டுவிடுங்கள் என்பதற்கு என்ன பொருள் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.