டிவி கறுத்துப்போய் 'ஹிடியோ' என்று வருகிறது, கேபிள் மாற்றியும் சரியாகவில்லை

சத்துவாச்சாரி ஸ்நேக்:
எல்லோருக்கும் வணக்கம். துபாயிலிருந்து வந்த மாமா விட்டுப்போன பழைய பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேம் மெஷின் ஒன்று வீட்டில் இருக்கிறது. தடித்த, பழைய மாடல். அதில் பிஎஸ்1 டிஸ்க்கும் ஓடும் என்று தெரிந்ததும், அவர் பையில் கிடந்த மெட்டல் கியர் சாலிட் ஆட்டத்தைப் போட்டேன். 1998இல் வந்தது. இரண்டு டிஸ்க்கு, பெட்டி இல்லை, வெறும் உறைதான்.

மூன்று நாளாக ஒரே தொல்லை. தளபதியின் அறை என்று ஒன்று வருகிறது. அங்கே சண்டை நடுவில் டிவி திடீரென்று கறுத்துவிடுகிறது. மேலே வலது மூலையில் பச்சை எழுத்தில் 'ஹிடியோ' என்று வருகிறது. சிக்னல் போனால் டிவியில் 'வீடியோ' என்று வருமே, அதே மாதிரி. சில வினாடியில் படம் திரும்பி வந்துவிடுகிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின் வைத்த கேபிளைப் புதிதாக வாங்கி மாற்றிவிட்டேன். அப்படியும் அதே கதை. "கேம் ஆடி ஆடி டிவியைக் கெடுத்துட்ட" என்று நைனா ஒரு பக்கம் கத்துகிறார். டிவியைக் கடையில் காட்டலாமா, பிஎஸ்2வைக் காட்டலாமா?

பழைய பஸ் ஸ்டாண்டு:
தம்பி, இரண்டையும் எங்கேயும் தூக்கிக்கொண்டு போகாதே. ஒன்று மட்டும் சொல். அந்த அறையில் முகமூடி போட்டுக்கொண்டு தரையைத் தொடாமல் மிதக்கிற ஒரு ஆள் இருக்கிறானா?

சத்துவாச்சாரி ஸ்நேக்:
ஆமாம் அண்ணா. எலும்பும் தோலுமாக இருக்கிறான்.

பழைய பஸ் ஸ்டாண்டு:
அவன்தான் உன் டிவி ரிப்பேர். பெயர் சைக்கோ மேண்டிஸ். 'ஹிடியோ' என்பது இந்த ஆட்டத்தின் இயக்குநர் ஹிடியோ கோஜிமாவின் பெயர். டிவியின் 'வீடியோ' எழுத்தைப் போலவே போட்டு உன்னை ஏமாற்றுகிறார்கள். கேபிளை வாங்கியதுதான் தண்டச் செலவு. நைனாவிடம் சொல், டிவி நன்றாகத்தான் இருக்கிறது என்று.

பாலாறு வற்றியது:
25 வருஷத்துக்கும் மேல் பழைய ஆட்டம் வேலூரில் இன்னும் கேபிள் விற்றுக்கொடுக்கிறது 😂

சத்துவாச்சாரி ஸ்நேக்:
அய்யோ. அப்படியானால் இன்னொன்றும் அவன் வேலைதானா? சண்டைக்கு முன்னால் "உனக்கு காசில்வேனியா பிடிக்கும்" என்று சொன்னான். நான் அந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை. கன்ட்ரோலரைத் தரையில் வை என்றான். வைத்தேன். அது தானாக நகர்ந்தது. தங்கச்சி பயந்துபோய் அறையை விட்டே ஓடிவிட்டாள்.

பழைய பஸ் ஸ்டாண்டு:
மெமரி கார்டு யாருடையது?

சத்துவாச்சாரி ஸ்நேக்:
பக்கத்து வீட்டு அண்ணனுடையது. பிஎஸ்2 கார்டில் பிஎஸ்1 ஆட்டத்தைச் சேமிக்க முடியவில்லை, அதனால் அவருடைய பழைய பிஎஸ்1 கார்டைக் கடன் வாங்கினேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு:
அவ்வளவுதான் விஷயம். மேண்டிஸ் கார்டைத் திறந்து பார்க்கிறான். அதில் இதே கோனாமி நிறுவனத்தின் வேறு ஆட்டம் சேமித்திருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அவன் படித்தது உன் மனதை அல்ல, பக்கத்து வீட்டு அண்ணன் மனதை. கன்ட்ரோலர் நகர்ந்தது உள்ளே இருக்கிற அதிர்வு மோட்டாரால். நீ அடிக்கடி சேமிக்கிறவனா இல்லையா என்பதையும் சொல்லிக் காட்டியிருப்பானே?

சத்துவாச்சாரி ஸ்நேக்:
சொன்னான் அண்ணா. மானம் போனது. சரி, அவனை அடிப்பது எப்படி? எத்தனை தோட்டா சுட்டாலும் விலகிவிடுகிறான்.

காட்பாடி ஜங்ஷன்:
கன்ட்ரோலரை முதல் போர்ட்டிலிருந்து பிடுங்கி இரண்டாவது போர்ட்டில் சொருகு. அவன் மனம் படிப்பது என்றால் முதல் போர்ட்டில் நீ அழுத்துவதைப் படிப்பது. இரண்டாவதுக்கு மாறினால் குருடன் ஆகிவிடுவான். ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை, ஓடும்போதே மாற்றலாம். முடிந்ததும் மறுபடி முதலாவதில் சொருக மறக்காதே. இன்னொன்று. சண்டையின்போது, நீ ஆடுகிற ஹீரோ ஸ்நேக்கின் கண்வழியே பார்க்கிற பொத்தானை அழுத்திப் பார், படம் மேண்டிஸின் கண்வழியே தெரியும். அவன் மறைந்து நின்றால் அதை வைத்து எங்கே இருக்கிறான் என்று கணக்குப் போடலாம். வெப்பக் கண்ணாடி இருந்தால் இன்னும் சுலபம்.

சத்துவாச்சாரி ஸ்நேக்:
அங்கேதான் அண்ணா வம்பு. இரண்டாவது போர்ட் செத்துவிட்டது. தம்பியோடு கிரிக்கெட் ஆடவே முடியாது, எப்போதும் ஒரு ஆள்தான்.

பாலாறு வற்றியது:
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, இப்போது போர்ட் இல்லாத பிஎஸ்2. ஊர் பெருமையில் சேர்த்துக்கொள்ளலாம்.

மக்கன்பேடா:
சாமியில்லாத கோயிலை விட்டுவிட்டீர்களே. அட, அதுதான் 1981லேயே கோட்டைக் கோயிலுக்குச் சாமி திரும்பி வந்து சரியாகிவிட்டது, இந்தப் போர்ட்டும் சரியாகும். தம்பி, உள்ளே ஒன்பது பின் இருக்கும், டார்ச் அடித்துப் பார். ஏதாவது வளைந்திருக்கிறதா? பச்சை பிடித்திருக்கிறதா?

சத்துவாச்சாரி ஸ்நேக்:
மூன்று பின் உள்ளே அமுங்கியிருக்கிறது அக்கா. மாமா பையன் சின்ன வயதில் ஸ்பூன் விட்டானாம்.

பழைய பஸ் ஸ்டாண்டு:
அப்படியானால் திறந்து போர்ட்டையே மாற்ற வேண்டும். ஒரு ஆட்டத்துக்காக அதைச் செய்யாதே. வேறு வழி ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டத்தில் ரேடியோவில் உனக்கு வழி சொல்கிற கர்னல் கேம்ப்பெலைக் கூப்பிடு. அவர் நம்பர் 140.85. முதலில் போர்ட் மாற்றச் சொல்வார். நீ செத்துச் செத்து மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இரு. கடைசியில் அவரே இறங்கிவந்து, அந்த அறையில் இருக்கிற சிலைகளைச் சுடச் சொல்வார். அவற்றை உடைத்தால் மேண்டிஸ் தடுமாறுவான். 98இலேயே ஒரு போர்ட் போனவர்கள் இருந்திருக்கிறார்கள் போல, அவர்களுக்காக எழுதி வைத்த வழி. அவர் வாயால் சொல்லிக் கேட்ட பிறகு சுடு, முன்கூட்டியே சுட்டுத் தோட்டாவை வீணாக்காதே.

காட்பாடி ஜங்ஷன்:
நடுவில் உன்கூட வருகிற மெரிலை மேண்டிஸ் ஆட்டிவைப்பான். அவள் தன்னைத்தானே சுட்டுக்கொள்ளப் போவாள். துப்பாக்கியை எடுக்காதே. கையால் குத்தி மயக்கு, இல்லாவிட்டால் ஸ்டன் கிரனேடு போடு. அவள் செத்தால் ஆட்டம் முடிந்தது.

ஆமாம், பெட்டி இல்லை என்றாயே, மெரிலின் ரேடியோ நம்பரை எப்படிக் கண்டுபிடித்தாய்? அந்த ஆயுதக் கம்பெனித் தலைவர் கென்னத் பேக்கர் "சிடி உறையின் பின்னால் இருக்கிறது" என்று சொல்வாரே. அது கடையில் விற்ற பெட்டியின் பின்பக்கத்தில் அச்சடித்த படம்.

சத்துவாச்சாரி ஸ்நேக்:
அவர் ஆட்டத்துக்குள் ஒரு டிஸ்க்கு கொடுத்தார். அதைத்தான் சொல்கிறார் என்று இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் 140.00இல் தொடங்கி ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டேன். 140.15இல் எடுத்தாள்.

பாலாறு வற்றியது:
கூச்சமே இல்லாமல் ஊரில் எல்லோருக்கும் ராங் கால் போட்டிருக்கிறான்.

மக்கன்பேடா:
எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்ததே இதுதான். மற்ற ஆட்டங்களில் வில்லன் ஸ்நேக்கோடு சண்டை போடுவான். இங்கே மேண்டிஸ் உன் கார்டு, உன் கன்ட்ரோலர், உன் நைனா வாங்கிய டிவி வரைக்கும் கைவைக்கிறான். அதற்கு ஏற்ற மாதிரி இந்தப் பக்கம் கோடெக் என்கிற ரேடியோவில் இருப்பவர்களும் உன்னிடம்தான் பேசுகிறார்கள். எந்தப் போர்ட்டில் சொருகு என்று ஒரு ராணுவக் கர்னல் சொல்வதை வேறு எங்கே கேட்டிருக்கிறாய்? மாட்டிக்கொண்டால் முதலில் அவர்களைக் கூப்பிடு. ஆயுதம் பற்றி என்றால் நஸ்தாஷா, 141.52. சேமிக்க மெய் லிங், 140.96. ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் ஒரு பழமொழி சொல்வாள், சீக்கிரம் அழுத்தித் தாண்டாதே. ஒட்டகான் என்ற இன்ஜினியர் அப்புறம் வருவான், அவனிடம் பேசினால் பேசிக்கொண்டே இருப்பான்.

காட்பாடி ஜங்ஷன்:
மாஸ்டர் மில்லரை விட்டுவிட்டீர்கள். 141.80.

மக்கன்பேடா:
மில்லரிடம் அதிகம் பேச வேண்டாம் தம்பி.

சத்துவாச்சாரி ஸ்நேக்:
ஏன் அக்கா? நல்லவராகத்தானே தெரிகிறார். அலாஸ்காவில் பனியில் பிழைப்பது எப்படி என்றெல்லாம் சொல்கிறார்.

மக்கன்பேடா:
பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம்.

பழைய பஸ் ஸ்டாண்டு:
சரி, மேண்டிஸுக்கு அப்புறம் வருவதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாய்க் குகை தாண்டியதும் ஸ்னைப்பர் வுல்ஃப். அவளை அடிக்க பிஎஸ்ஜி1 என்ற தூரத் துப்பாக்கி வேண்டும், அதை எடுக்க வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். டாங்கிக் கொட்டகையின் கீழ்த்தளத்தில் ஆயுதக் கிடங்கு இருக்கிறதே, அங்கே. நடப்பதற்கு அலுப்பாக இருக்கும், ஆனால் வேறு வழியில்லை. குறி ஆடும்போது டயஸிபாம் மாத்திரை போடு, கை நிற்கும்.

அப்புறம் பிடிபடுவாய். ரிவால்வர் ஆசலாட் மின்சாரம் வைத்துச் சித்திரவதை செய்வான். வட்டம் போட்ட பொத்தானை விடாமல் அடிக்க வேண்டும். அங்கே செத்தால் தொடர்ந்து ஆட விடமாட்டான், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். வுல்ஃபை முடித்ததும் சேமித்துவிடு. உன் கன்ட்ரோலரில் தானாகவே பொத்தான் அடிக்கிற டர்போ இருக்கிறதா?

சத்துவாச்சாரி ஸ்நேக்:
இருக்கிறது! பாழாய்ப்போன மலிவு கன்ட்ரோலர்.

பழைய பஸ் ஸ்டாண்டு:
அதைத் தொடாதே. அதைப் பயன்படுத்தினால் எனக்குத் தெரிந்துவிடும் என்று ஆசலாட் நேராகவே மிரட்டுவான். டீ ஷர்ட்டைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு தேய். நான் அப்படித்தான் செய்தேன், கொப்புளம் வந்தது. முடியவில்லை என்றால் செலக்ட் பொத்தானை அழுத்திப் பணிந்துவிடலாம், ஆனால் அதற்கு முடிவில் விலை உண்டு. என்ன விலை என்று சொல்லமாட்டேன்.

காட்பாடி ஜங்ஷன்:
இந்த வரிசையிலேயே எனக்குக் கதை முழுக்கப் பிடித்த ஆள் ஆசலாட்தான். மூன்றாவது பாகம் 2004இல் வந்தது, கதை 1964இல் நடக்கும். அதில் அவன் மீசை இல்லாத இளைஞன், துப்பாக்கி சுழற்றிக் காட்டுகிற வாய்ச்சவடால் பயல். மற்ற வில்லன்கள் ஒரு பாகத்தில் வந்து செத்துப்போவார்கள். இவன் பாகத்துக்குப் பாகம் கட்சி மாறிக்கொண்டே இருப்பான்.

மூன்றாவது பாகத்தில் தி எண்ட் என்று ஒரு கிழவன். நூறு வயதைத் தாண்டிய ஸ்னைப்பர். காட்டுக்குள் மணிக்கணக்கில் ஒளிந்து தேட வேண்டும். 2006இல் காட்பாடியில் ஒரு கேம் சென்டரில் நானும் இதை ஆடினேன். மணிக்கு 15 ரூபாய். சண்டை பாதியில் காசு தீர்ந்தது, சேமித்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை, அங்கேயிருந்து பாட்டி வீடு. பத்து நாள் கழித்துத் திரும்பிவந்து போட்டால், கிழவன் முதுமையால் செத்துக் கிடக்கிறான். நான் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. சண்டை நடுவில் சேமித்துவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் இப்படி ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது. மெஷினின் தேதியைத்தான் அது பார்க்கிறது. கடைக்காரர் சிரித்தார். எனக்கு என்னவோ போல இருந்தது, பார்க்கப் போகாமல் விட்ட பெரியவர் மாதிரி.

பாலாறு வற்றியது:
தம்பி, உன் மெஷினில் அது நடக்காது. பிளக்கைப் பிடுங்கினால் தேதி கேட்குமே?

சத்துவாச்சாரி ஸ்நேக்:
ஆமாம், ஒவ்வொரு தடவையும் 2000 என்று காட்டும்.

பாலாறு வற்றியது:
உள்ளே காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. உன் வீட்டில் அந்தக் கிழவனுக்குச் சாவே இல்லை.

மக்கன்பேடா:
ஜங்ஷன், ஆசலாட் பரவாயில்லை. ஆனால் வில்லி என்றால் வுல்ஃப்தான். குர்துப் பெண், போர்க்களத்தில் பிறந்து வளர்ந்தவள். தம்பி இன்னும் அங்கே போகவில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அவளை வெல்வது பெரிய விஷயம் இல்லை, வென்ற பிறகு அவள் பேசுவதைக் கேட்பதுதான் கஷ்டம். ஒட்டகான் ஒரு கைக்குட்டை கொடுப்பான். அதைக் கையில் வைத்துக்கொண்டு போனால் ஓநாய்கள் கடிக்காது. ஏன் கடிக்கவில்லை என்று கொஞ்சம் யோசி.

பாலாறு வற்றியது:
எல்லா வில்லன்களும் செத்த பிறகு அரைமணி நேரம் பேசுகிறார்கள். அந்த நேரத்தில் ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டு வந்துவிடலாம். வில்லன் கூட்டத்து ஆறு பேரில் அப்படிப் பேசாமல் செத்தவன் அந்த டெக்காய் ஆக்டபஸ். அவனோடு சண்டைகூட இல்லை. ஏனென்றால் அவன்தான்

மக்கன்பேடா:
நிறுத்து!! பையன் இன்னும் ரேவன் என்ற வில்லனைத் தாண்டவில்லை.

பாலாறு வற்றியது:
மன்னிக்கவும், வாயை மூடிக்கொள்கிறேன்.

மக்கன்பேடா:
அந்தப் பேச்சுதான் அவர்களை மனிதர்களாக்குகிறது என்று நான் சொல்வேன். மேண்டிஸை அடித்ததும் உடனே ஓடிவிடாதே தம்பி. முகமூடி பற்றி அவன் என்ன கேட்கிறான் என்று பார். அடுத்த வழியை யார் திறந்துவிடுகிறார்கள் என்றும் பார்.

சத்துவாச்சாரி ஸ்நேக்:
நேற்று இரவு முடித்துவிட்டேன்! கர்னலைப் பதினோரு தடவை கூப்பிட்டேன். கடைசியில் சிலைகளைச் சுடச் சொன்னார். சுட்டேன், அதன்பிறகு தோட்டா பட்டது. மெரிலைக் குத்துவிட்டு மயக்கினேன், மனசு கேட்கவில்லை. டிவி கறுத்தபோது நைனா பக்கத்தில்தான் இருந்தார். "இது டிவி இல்லை நைனா, வில்லன்" என்றேன். நம்பவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

அக்கா, அவன் புத்தக அலமாரிக்குப் பின்னால் கதவைத் திறந்துவிட்டான். முதல் தடவையாக ஒருவருக்கு உதவ இந்தச் சக்தியைப் பயன்படுத்துகிறேன் என்றான். அவனை மூன்று நாளாகத் திட்டிக்கொண்டிருந்தது ஒரு மாதிரி ஆகிவிட்டது. நைனா "பாவம்பா" என்றார்.

பழைய பஸ் ஸ்டாண்டு:
சபாஷ். இனி நாய்க் குகை. மெரில் பின்னாலேயே போ.

சத்துவாச்சாரி ஸ்நேக்:
போய்க்கொண்டிருந்தேன் அண்ணா. குகையில் பாதி தூரத்தில் மறுபடி டிவி கறுத்துவிட்டது.

காட்பாடி ஜங்ஷன்:
அங்கே மேண்டிஸ் கிடையாதே. மூலையில் என்ன எழுத்து வந்தது?

சத்துவாச்சாரி ஸ்நேக்:
எழுத்து எதுவும் வரவில்லை. ஃபேனும் நின்றுவிட்டது. தெருவே இருட்டு.

மக்கன்பேடா:
மேண்டிஸை முடித்ததும் மெய் லிங்கைக் கூப்பிட்டாயா?

சத்துவாச்சாரி ஸ்நேக்:
இல்லை அக்கா. மில்லரோடு பேசிக்கொண்டிருந்தேன்.