குடும்ப மரத்தை வெப் பேஜ்ல காட்டணும், முழு டேட்டா போட்டா பேஜ் தொங்கிடுது

தேனிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம் வருது, பங்காளிங்க மொத்தமும் வருவாங்க, அதுக்குள்ள ஏழு தலைமுறையையும் ஒரு வெப் பேஜ்ல போட்டுக் குடுடான்னு பெரியப்பா என் தலையில கட்டிட்டாரு. அவரு கைப்பட எழுதின நோட்டைப் பார்த்து எக்ஸல்ல ஏத்திட்டேன், 640 பேர். ரெண்டே காலம் (column), பேரு, அப்பா பேரு. ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு ஃபங்ஷன் எழுதுனேன், ஒருத்தர் பேரைக் குடுத்தா அப்பா காலத்துல அந்தப் பேரு இருக்கிறவங்களை ஃபில்டர் பண்ணி யூஎல், எல்ஐ (லிஸ்ட் காட்டுற ஹெச்டிஎம்எல் டேக்) போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் திரும்ப அதே ஃபங்ஷனைக் கூப்பிடும். 10 பேரை வச்சு பார்த்தப்ப சூப்பரா வந்துச்சு. மொத்தமா போட்டா பேஜ் அப்படியே நிக்குது, கன்சோல்ல மேக்ஸிமம் கால் ஸ்டாக் சைஸ் எக்ஸீடட்னு சிவப்பா வருது. 640 பேருக்கே தாங்காதா? டி3 மாதிரி படம் வரையிற லைப்ரரிக்குப் போகணுமா?

ஃபில்டர்காபி:
ஒவ்வொரு ஆளுக்கும் மொத்த லிஸ்ட்டையும் ஃபில்டர் பண்றீங்க, அதான் ப்ரோ ஸ்லோ. முதல்ல ஒரே ஓட்டத்துல ஒரு மேப் கட்டிடுங்க, அப்பா பேரு கீ, பிள்ளைங்க லிஸ்ட் வேல்யூ. அப்புறம் ரிகர்ஷன்ல, அதாவது ஃபங்ஷன் தன்னையே திரும்பக் கூப்பிடுறப்ப, மேப்ல இருந்து எடுத்தா போதும்.

மொட்டைமாடி:
மேப் கட்டுறது நல்ல பழக்கம் தான், ஆனா இங்க வியாதி அது இல்ல. 640 தடவை 640 போட்டாலும் நாலு லட்சத்து சொச்சம் ஒப்பீடு, பிரவுசருக்கு அது கண் சிமிட்டுற வேலை. ஸ்டாக் (இன்னும் முடியாத ஃபங்ஷன் கால்களோட அடுக்கு) நிரம்புதுன்னா எங்கயோ சுத்திக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். தம்பி, உங்க வீட்டுல தாத்தா பேரை பேரனுக்கு வைக்கிற பழக்கம் உண்டா இல்லையா? கருப்பையா மகன் சின்னச்சாமி, சின்னச்சாமி மகன் திரும்ப கருப்பையா. உங்க ஃபங்ஷனுக்கு ரெண்டு கருப்பையாவும் ஒரே ஆள் தான், பேரன் கிட்ட வந்ததும் தாத்தாவோட பிள்ளைங்களைத் தேடும், அதுல சின்னச்சாமி வருவாரு, மறுபடி கருப்பையா, விடிய விடிய ஓடும். மேப் போட்டாலும் இதே கதை தான். ஆளுக்கு ஒரு நம்பர் குடுங்க, அப்பா காலத்துல பேரை எடுத்துட்டு அந்த நம்பரைப் போடுங்க.

தேனிக்காரன்:
அண்ணே கும்பிடுறேன்!! அதே தான், எங்க வீட்டுல மூணு கருப்பையா இருக்காங்க. நம்பர் போட்டதும் வந்துடுச்சு. ஆனா பெரியப்பா இப்ப பொண்ணு வழிப் பேரப்பிள்ளைங்களும் வரணும்ங்கிறாரு, அம்மா நம்பர்னு இன்னொரு காலம் சேர்த்தேன், சில பேரு ரெண்டு இடத்துல வர்றாங்க. டி3ல ஸ்ட்ராட்டிஃபைல (லிஸ்ட்டை மரமா அடுக்குற ஃபங்ஷன்) போட்டா மல்டிபிள் ரூட்ஸ்னு திட்டுது.

கோடுகிறுக்கி:
மல்டிபிள் ரூட்ஸ் ஏன்னா, மருமகளா வந்தவங்களையும் சேர்த்திருப்பீங்க, அவங்க எல்லாருக்கும் அப்பா காலம் காலி, ஆளுக்கொரு வேர்னு அது எடுத்துக்கும். அதுக்கு ஒரே ஒரு வேர் தான் வேணும். ரெண்டு தடவை வர்றது வேற விஷயம், அத்தை மகளைக் கட்டினா பிள்ளை அப்பா வழியாவும் வரும் அம்மா வழியாவும் வரும், அப்ப அது மரமே இல்ல, கிளைங்க திரும்ப ஒண்ணு சேர்ற வலை, கிராஃப்னு சொல்வாங்க. அக்கா மகளைக் கட்டினவங்க இருந்தா இன்னும் வேடிக்கை, மாப்பிள்ளை நாலாவது தலைமுறை, பொண்ணு அஞ்சாவது, பிள்ளை அப்பா பக்கம் எண்ணினா அஞ்சு, அம்மா பக்கம் எண்ணினா ஆறு, எந்த வரிசையில நிறுத்துவீங்க? வம்சாவளி சாஃப்ட்வேர்ல எல்லாம் ஓடுற ஜெட்காம் ஃபார்மட் ஏற்கெனவே இதுக்கு வழி வச்சிருக்கு, ஆளுக்கு ஒரு ரெக்கார்ட், குடும்பத்துக்குத் தனி ரெக்கார்ட், பிள்ளைங்க அந்தக் குடும்பத்துல தொங்குவாங்க. நீங்களும் கல்யாணம்னு தனி ஷீட் போடுங்க. காட்டும்போது அப்பா வழியில ஒரு தடவை முழுசா விரிச்சுடுங்க, அம்மா வழியில பேரை மட்டும் போட்டு மேல இருக்கிறவருக்கு லிங்க்.

மொட்டைமாடி:
ஆமா, அப்புறம் இதுக்கு டி3 படம் வேண்டாம்னு தான் சொல்வேன். மேலிருந்து கீழ வரைஞ்சா கடைசி தலைமுறையில 200 பேர் இருந்தா ஆளுக்கு 120 பிக்ஸல்னு 24,000 பிக்ஸல் அகலம், பெரியம்மா போன்ல எங்க போய்த் தேடுவாங்க. டீடெயில்ஸ், சம்மரி டேக் ரெண்டையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போடுங்க, ஸ்க்ரிப்ட் இல்லாமலே தட்டினா விரியும், மூடும், குரோம்ல பேஜுக்குள்ள பேரைத் தேடினா மூடியிருக்கிறதும் தானா திறந்துக்கும். உள்ள யூஎல் வச்சா ஒரு கவனம், அது சும்மாவே 40 பிக்ஸல் தள்ளும், ஏழு தலைமுறைக்கு 280, 360 அகல போன்ல பேருக்கு மிச்சம் 80 தான். 12 ஆக்கி இடது பக்கம் மெல்லிசா ஒரு கோடு விடுங்க. உயிரோட இருக்கிறவங்க பிறந்த தேதி, போன் நம்பரை பேஜ்ல போட்டுடாதீங்க, சாமி சத்தியமா சொல்றேன்.

தேனிக்காரன்:
டீடெயில்ஸ்லயே முடிச்சுட்டேன், பெரியப்பா போன்ல அவரே விரிச்சு விரிச்சுப் பார்க்கிறாரு. நேத்து நோட்டைத் திரும்பப் புரட்டினேன், அதுல அவரு தெளிவா பெரிய கருப்பையா, நடுக் கருப்பையா, சின்னக் கருப்பையான்னு தான் எழுதி வச்சிருக்காரு. டைப் அடிக்கும்போது நான் தான் எதுக்கு இதெல்லாம்னு வெட்டிட்டேன்.