பழைய பள்ளி விடுவிக்காத எமிஸ் எண்: ஆறாம் வகுப்பில் சேர்ந்த மகளின் பெயர் பதிவாக என்ன வழி?

கேள்வி
எழுதியவர்: திருப்பூர் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் பனியன் கம்பெனி ஒன்றில் டைலராக வேலை செய்கிறார். எங்கள் மகள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்தாள். சென்ற ஆண்டு ஆர்டர் குறைந்து வாரச் சம்பளம் பாதியாகிவிட்டதால், கடைசிப் பருவக் கட்டணத்தை எங்களால் கட்ட முடியவில்லை. இந்த ஜூன் மாதம் வீட்டுக்கு அருகிலுள்ள அரசு நடுநிலைப்பள்ளியில் அவளை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனோம். அன்போடு ஏற்று வகுப்பில் உட்கார வைத்தார்கள், புத்தகமும் கொடுத்தார்கள். ஆனால் ஐந்து வாரம் கடந்தும், பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவான எமிஸில் அவள் பெயர் ஏறவில்லை. பழைய பள்ளி அவளுடைய எண்ணைக் ‘காமன் பூல்’ எனப்படும் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் இங்கே எடுத்துக்கொள்ள முடியும் என்கிறார்கள். பழைய பள்ளியிலோ, பாக்கியைக் கட்டினால் அன்றே விடுவிக்கிறோம் என்கிறார்கள்.

வகுப்பாசிரியர் செல்பேசிச் செயலியில் வருகையைப் பதியும்போது தன் பெயர் மட்டும் அதில் வருவதில்லை என்பதை மகளே கவனித்துவிட்டாள். “நான் இந்த ஸ்கூல்ல இல்லையாம்மா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் இங்கே எழுதத் துணிந்தேன்.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தால், கல்லூரி செல்லும் பெண்களுக்கான புதுமைப்பெண் உதவித்தொகையும், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீடும் கிடைக்கும் என்கிறார்கள். பெயர் ஏறாத இந்த வாரங்கள் பிற்காலத்தில் அவளுக்கு எதிராகப் போய்விடுமா? பழைய எண்ணை விட்டுவிட்டுப் புதிதாக ஓர் எண் போட்டுக்கொள்ளலாம் என்று பிரவுசிங் சென்டரில் சொன்னார்கள், அது சரியா? என் அண்ணன் மகன் படிக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ‘அபார்’ எண்ணுக்குச் சம்மதப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதை இவளுக்கும் வாங்கிவிட்டால் இந்தச் சிக்கல் தீருமா? எத்தனை எண்கள், எது எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.


மறுமொழி 1
எழுதியவர்: நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர்

வணக்கம் அம்மா. முதலில் உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: அவள் அந்தப் பள்ளியின் மாணவிதான். ஒரு குழந்தை பள்ளியில் சேர்ந்ததற்கு அடிப்படைச் சான்று சேர்க்கைப் பதிவேடு. அதில் அவள் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், சேர்க்கை எண் ஆகியவை பேனாவால் எழுதப்பட்டுவிட்டனவா என்று நாளைக்கே தலைமையாசிரியரைக் கேளுங்கள். எமிஸில் ஏறிய பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று சில பள்ளிகளில் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருப்பது தவறு. சேர்ந்த நாளிலேயே பதிவேட்டிலும் வகுப்பு வருகைப் பதிவேட்டிலும் பெயர் இருந்தால், பிற்காலத்தில் எவரும் அந்த வாரங்களைக் கேள்விக்குள்ளாக்கினாலும் காட்டுவதற்கு உங்களிடம் எழுத்து இருக்கும்.

இனி எண்களைப் பற்றி. எமிஸ் எண் என்பது தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் வழங்குவது. அரசு, உதவிபெறும், தனியார் என எந்தப் பள்ளியில் படித்தாலும் அந்த ஒரே எண் குழந்தையோடு செல்ல வேண்டும். பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் ஒன்றிய அரசின் யுடைஸ் பிளஸ் தளம் முன்பெல்லாம் பள்ளிவாரியாக மொத்தக் கணக்கை மட்டும் வாங்கியது. 2022-23 முதல் மாணவர் ஒவ்வொருவரின் விவரத்தையும் தனித்தனியாக வாங்குகிறது. அங்கே வழங்கப்படும் 11 இலக்க எண்ணைப் ‘பென்’, அதாவது நிரந்தரக் கல்வி எண் என்கிறார்கள். பள்ளிக்கான யுடைஸ் குறியீடும் 11 இலக்கம்தான். நம் மாநிலப் பள்ளிகளுக்கு அது 33 என்று தொடங்கும். படிவம் நிரப்பும்போது பல பெற்றோர்கள் மாணவர் எண் கேட்ட இடத்தில் பள்ளியின் குறியீட்டை எழுதிவிடுவதற்கு இதுவே காரணம். மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் இன்னொரு அடையாள எண்ணான அபார் 12 இலக்கம். ஆதாரும் 12 இலக்கம் என்பதால் அங்கேயும் அதே குழப்பம் நேர்கிறது. அபார் எண் பெறுவதால் உங்கள் சிக்கல் தீராது. பழைய பள்ளியின் பட்டியலில் இருக்கும் குழந்தையைப் புதிய பள்ளிக்குக் கொண்டுவரும் வேலை எமிஸில்தான் நடக்க வேண்டும்.

புதிய எண் போடச் சொன்னவரின் யோசனையைத் தயவுசெய்து ஏற்க வேண்டாம். ஒரே குழந்தைக்கு இரண்டு எண்கள் உருவானால், பழைய எண்ணில் அவள் ஐந்தாம் வகுப்போடு இடைநின்றவளாகத் தோன்றுவாள். புதிய எண்ணில் ஆறாம் வகுப்பில் திடீரென்று முளைத்தவளாகத் தோன்றுவாள். இடைநின்ற குழந்தைகளைத் தேடும் பட்டியலில் அவள் பெயர் வந்து, ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். அதைவிடப் பெரிய தொல்லை, இரண்டு எண்களில் ஒன்றை நீக்கும்போது எந்த வரலாறு அழியும் என்பதில் இருக்கிறது. 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கும் உயர்கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கும்போது ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தாள் என்பதை எமிஸ் வரலாற்றைக் கொண்டே சரிபார்க்கிறார்கள். அந்த வரலாறு ஒரே எண்ணின் கீழ் அறுபடாமல் இருப்பதே உங்கள் மகளுக்கு நல்லது.

செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் மாற்றுச் சான்றிதழ் கோரியதையும், பொதுத் தொகுப்புக்கு அனுப்பக் கோரியதையும் ஒரே கடிதமாக எழுதிப் பழைய பள்ளிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அதன் நகலை வைத்து மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். உங்கள் தலைமையாசிரியரும் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகத் தனியே ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலகத்தில் எமிஸ் பணியைப் பார்ப்பவரிடம் அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்டறிய வேண்டும். 14417 என்ற துறையின் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். பெற்றோரின் மனு மட்டும் போனால் கட்டணத் தகராறு என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. குழந்தை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பள்ளியே எழுதினால் அப்படி ஒதுக்க முடியாது.


மறுமொழி 2
எழுதியவர்: சட்டம் படித்த தந்தை

தலைமையாசிரியர் ஐயா சொன்னவற்றோடு சட்ட நிலையையும் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் மனுவில் இவற்றை எழுதினால் கனம் கூடும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவில், வேறு பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும் என்கிறது. சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. தாமதப்படுத்தும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வும் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. பாக்கி இருந்தால் அதைப் பெற்றோரிடம் வசூலிக்கப் பள்ளிக்கு வேறு சட்ட வழிகள் உண்டு. குழந்தையைப் பிணையாக வைப்பது அவற்றுள் ஒன்றன்று.

இங்கே நான் வருத்தத்தோடு கவனிப்பது ஒன்று உண்டு. காகிதச் சான்றிதழைத் தடுத்து வைப்பதைச் சட்டமும் நீதிமன்றமும் தடை செய்த பிறகு, அதே தடை கணினிப் பொத்தானுக்கு இடம் மாறியிருக்கிறது. ‘சான்றிதழ் இல்லாமலே சேர்க்கலாம்’ என்று விதி சொல்லும்போது, விடுவிக்கும் அதிகாரத்தைப் பழைய பள்ளியின் கையில் மட்டும் விட்டுவைத்திருக்கும் மென்பொருள் அந்த விதியை நடைமுறையில் இல்லாமலாக்குகிறது. புதிய பள்ளி கோரிக்கை வைத்துக் குறிப்பிட்ட நாட்களுக்குள் பழைய பள்ளி பதில் தராவிட்டால் எண் தானாக மாறிவிட வேண்டும். மனுவின் கடைசிப் பத்தியில் இதையும் ஒரு கோரிக்கையாகச் சேருங்கள். உங்கள் மகளைப் போன்ற பல குழந்தைகளுக்கு அது பயன்படும்.

அபார் பற்றி: அது பெற்றோரின் சம்மதத்தின் பேரில் வழங்கப்படுவது, கட்டாயமில்லை என்பதே ஒன்றிய அரசின் அறிவிக்கப்பட்ட நிலை. ஆதாரைக் கொண்டு அடையாளத்தைச் சரிபார்த்து, ஆவணங்களைச் சேமிக்கும் அரசுத் தளமான டிஜிலாக்கரோடு இணைத்து, மதிப்பெண்களையும் சான்றிதழ்களையும் ஒரே இடத்தில் சேர்ப்பது அதன் நோக்கம். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்றும், ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டத்தை மறுக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று அளித்த தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்தப் படிவத்தை முழுவதும் படித்து, எந்த விவரம் யாருக்குப் போகிறது என்று கேட்டு, நிதானமாக முடிவெடுங்கள். கையெழுத்திடாமல் இருப்பதும் உங்கள் உரிமையே.

மாணவருக்குத் தனி எண் கொடுப்பதையே நான் எதிர்க்கவில்லை. இங்கிலாந்தில் அரசு நிதி பெறும் பள்ளிகளின் மாணவர்களுக்கு 13 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஓர் எண் உண்டு. அது கல்வித் துறைக்குள் மட்டுமே பயன்பட வேண்டும் என்பதும், மாணவர் பள்ளிக் கல்வியை விட்டுச் செல்லும்போது அதன் பயன்பாடு முடிந்துவிட வேண்டும் என்பதும் அங்குள்ள வழிகாட்டுதல். பதினொரு வயதில் ஒருத்தி பெற்ற மதிப்பெண்ணும் அவள் எடுத்த விடுப்பும் அவள் முப்பது வயதில் வேலை தேடும்போது எவர் கண்ணிலும் படக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. அப்படியொரு எல்லையை நாமும் கேட்டுப் பெற வேண்டும்.


மறுமொழி 3
எழுதியவர்: செங்கல் சூளைப் பகுதித் தன்னார்வலர்

சகோதரி, உங்கள் மகளின் எண் வந்து சேரும்போது பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கின்றன என்பதை உடனே பாருங்கள். திருவள்ளூர் பக்கம் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும் வேலையில் இருக்கிறேன். எண் இல்லாததைவிட, பெயர் பொருந்தாததால் நின்றுபோன வேலைகளே அதிகம்.

யுடைஸ் பிளஸில் ஆதார் சரிபார்ப்பு என்பது பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. நம் ஊர்ப் பெயர் வழக்கம் இதற்குப் பொருந்தி வருவதில்லை. பள்ளியில் முன்னெழுத்தை முன்னால் எழுதியிருப்பார்கள். ஆதாரில் பின்னால் இருக்கும். அல்லது அப்பாவின் பெயரே முழுதாக வந்திருக்கும். தமிழில் ‘ழ’ இருக்கும் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு மாதிரி எழுதியிருப்பார், இன்னொருவர் வேறு மாதிரி எழுதியிருப்பார். ஒடியா பெயர்கள் தமிழ்ப் பதிவாளர் கையில் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பைச் செய்யாமல் விட்ட குழந்தைகளுக்கு இன்னும் ஒரு தடை சேர்கிறது. சூளை முதலாளி ஒரு நாள் விடுப்புக் கொடுத்தால்தான் தாய் ஆதார் மையத்துக்குப் போக முடியும்; அங்கே பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள்; அது ஒடிசாவில் இருக்கும்.

நாடு முழுவதும் பள்ளி மாணவர் எண்ணிக்கை 2021-22இல் சுமார் 26.5 கோடியாக இருந்து 2023-24இல் 24.8 கோடியாகக் குறைந்ததாக யுடைஸ் அறிக்கைகள் காட்டின. தனிமனிதப் பதிவு வந்ததால் இரட்டைப் பெயர்கள் நீங்கின என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அது ஓரளவு உண்மையாகவே இருக்கும். ஆனால் நான் கையைப் பிடித்து வகுப்புக்கு அழைத்துச் சென்ற குழந்தைகளில் சிலர், வகுப்பில் இருந்தும் கணக்கில் இல்லாமல் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம் அவர்களின் முகமே எனக்கு நினைவுக்கு வருகிறது. பொருந்தாத பெயர் என்பது எழுத்துப் பிழை. அந்தப் பிழையைத் திருத்தும் பொறுப்பு பதிவு செய்கிற அலுவலகத்துடையதாக இருக்க வேண்டும், கூலி இழந்து அலையும் தாயுடையதாக இருக்கக் கூடாது.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: திருப்பூர் தாய்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியபடியே செய்தோம். பதிவேட்டில் ஜூன் மாதத் தேதியிலேயே அவள் பெயர் இருந்தது. தலைமையாசிரியர் அந்தப் பக்கத்தைத் திறந்து மகளிடமே காட்டினார். கடிதத்தில் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவையும் நீதிமன்றத் தீர்ப்பையும் குறிப்பிட்டு அனுப்பினோம். மனு கொடுத்த பன்னிரண்டாம் நாள் பழைய பள்ளி எண்ணை விடுவித்துவிட்டது. நேற்று காலை வருகைப் பதிவில் அவள் பெயர் வந்தது என்று ஓடிவந்து சொன்னாள். பாக்கியை மாதம் ஐந்நூறாகக் கட்டுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதை மறுக்கும் எண்ணம் எங்களுக்கு எப்போதும் இருந்ததில்லை. அபார் பற்றி இப்போதைக்கு எதிலும் கையெழுத்திடுவதாக இல்லை.

ஒரே ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. எமிஸில் அவள் சேர்ந்த தேதியாக, எண் வந்து சேர்ந்த நாளைத்தான் காட்டுகிறது. ஜூன் மாதத் தேதி இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?


மறுமொழி 4
எழுதியவர்: நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர்

மிக்க மகிழ்ச்சி அம்மா. விட்டுவிட வேண்டாம். ஆறாம் வகுப்பு அரசுப் பள்ளியில் என்று பதிவாகியிருப்பதால் பெரும்பாலும் இடர் வராது. ஆனாலும் ஏழு ஆண்டு கழித்துச் சரிபார்ப்பவர் உங்களையோ என்னையோ அறிந்திருக்கமாட்டார், திரையில் உள்ளதை மட்டுமே பார்ப்பார். சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும் ஜூன் மாத வருகைப் பதிவேட்டின் நகலையும் இணைத்து, தேதியைத் திருத்தக் கோரி உங்கள் தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதட்டும். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்கி, மகளின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னெழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். இரண்டு திருத்தத்தையும் ஒரே கடிதத்தில் கேட்கலாம்.